எது அடையாளம்?

தறிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சோமனூருக்கு மனிதக் குரல் ஒன்று உண்டு என்பது தெரியவரும். மற்ற நாட்களில் தறிக்கூடங்களுக்குள்ளே பேச்சு என்பது வாயசைவும் கைச்சாடையும்தான். நாடா ஓடும் இரைச்சலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்த பிறகும் சற்று நேரம் கத்தித்தான் பேசுவான். பக்கத்தில் இருப்பவர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட தறிக்கூடம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவன். நான் அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் அவன் குடியை விட்டதையும், தறிக்காரரிடம் வாங்கியிருந்த முன்பணத்தை வாராவாரம் கழித்து வந்ததையும் அறிந்தவன். அன்று அவன் முகம் சரியாக இல்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணா, நான் பொய் சொல்லிப் போட்டனுங்க."

விஷயம் இதுதான். சபையில் மூன்று இரவுகள் காத்திருப்பு ஜெபம் நடந்திருக்கிறது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற வேண்டும் என்று காத்திருப்பது அது. பெற்றுவிட்டதற்கு அடையாளம், கற்றறியாத பாஷையில் பேசுவது. அவனோடு முழங்காலிட்டவர்கள் ஒவ்வொருவராகப் பேசிவிட்டார்கள். இவனுக்கு மட்டும் வரவில்லை. மூன்றாம் இரவு பெரியவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். வயதான அம்மாள் ஒருத்தி இவனுக்காக அழுதுகொண்டே இருந்தாளாம். அந்த அழுகையைத் தாங்க முடியாமல், பக்கத்தில் இருந்தவன் எழுப்பிய ஒலிகளையே இவனும் திருப்பிச் சொல்லிவிட்டான். சபையே ஆர்ப்பரித்தது. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

"சொல்லிப் போடலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டான்.

"யாருக்கு என்ன நஷ்டம்? பேசாமல் இருந்துவிடு, தம்பி" என்றேன். அந்தப் பதிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவன் போன பிறகு எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. ஒருவன் பெந்தெகொஸ்தேக்காரன் என்பதை எது தீர்மானிக்கிறது? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விடை சுலபம். வெள்ளை உடை, கைதட்டல், நகையில்லாத கழுத்து. 1920-களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. அதன் ஊழியர்கள் மணம் செய்துகொள்வதில்லை, வெள்ளை உடுத்துகிறார்கள், மருந்தை நாடுவதில்லை. விசுவாசிகள் நகை அணிவதில்லை. கொங்கு நாட்டில் ஒரு பெண் தாலியையும் தோட்டையும் கழற்றுவது எதற்கு என்று நமக்குத் தெரியும். கட்டியவன் உயிரோடிருக்க, மருமகள் வெறுங்காதோடு வந்து நின்றதைப் பார்த்து ஒப்பாரி வைத்த மாமியாரை நான் கண்டிருக்கிறேன். ஆனால் எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளும் நகையை விலக்குவதில்லை. நகையை விலக்கியவர்கள் எல்லாரும் பெந்தெகொஸ்தேக்காரர்களும் அல்லர். சபைப் பெயரும் உதவாது. கோயம்புத்தூரில் 1986-ல் காருண்யாவை நிறுவிய டி.ஜி.எஸ். தினகரன், ஆவியின் அபிஷேகத்தையே வாழ்நாளெல்லாம் பிரசங்கித்தவர். ஆனால் அவர் தென்னிந்தியத் திருச்சபையின் அங்கத்தினர்.

ஆகவே தேடல் உள்ளே போக வேண்டியதாகிறது. அமெரிக்காவில் டொப்பீகா என்ற ஊரில் வேதபாடசாலை நடத்திய சார்லஸ் பார்ஹாம், ஆவியைப் பெற்றதற்கு வேத ஆதாரமுள்ள அத்தாட்சி எது என்று மாணவர்களைத் தேடச் சொன்னார். அந்நியபாஷை என்று முடிவாயிற்று. 1901 ஜனவரி முதல் நாள் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அப்படிப் பேசினாள். பல சபைகளின் கோட்பாடு அந்த நாளிலிருந்து பிறக்கிறது. 1914-ல் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் 1916-ல் வகுத்த விசுவாசப் பிரமாணத்தில் அது இடம்பெற்றது. ஆனால் அந்தச் சபையின் புகழ்பெற்ற ஊழியர்களில் ஒருவரான போஸ்வொர்த், அந்நியபாஷை ஒன்றே அடையாளம் என்பதை ஏற்க முடியாமல் 1918-ல் விலகினார். சிலி நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளோ ஆரம்பத்திலிருந்தே அதை வற்புறுத்தவில்லை. குடும்பத்துக்குள்ளேயே தீராத வழக்கு இது!

அந்தப் பாஷை எது என்பதிலும் ஒரு சோதனை நேர்ந்தது. அது உண்மையான அயல்நாட்டு மொழி, கற்காமலே பிரசங்கம் செய்யக் கடவுள் தந்தது என்று பார்ஹாம் நம்பினார். அதை நம்பிக் கப்பல் ஏறியவர்களில் ஒருவர் கார். தமக்கு வங்காளம் அருளப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தோடு 1907-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார். வங்காளிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் அவமானப்பட்டு ஓடிவிடாமல், தம் கருத்தைத் திருத்திக்கொண்டு, அது ஜெபத்துக்கான பாஷை என்று கண்டு ஊழியத்தைத் தொடர்ந்தார். தவறை ஒப்புக்கொள்ளும் திராணி எளிதில் வருவதா?

நம் நாட்டுக்கு இது அமெரிக்கச் சரக்கும் அன்று. கிறிஸ்டியான்பேட்டையை நிறுவிய அருளப்பன் காலத்தில், 1860-ல், திருநெல்வேலிச் சீமையிலேயே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் எழுந்தன. டொப்பீகாவுக்கு நாற்பது ஆண்டு முன்பு!

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "நம்ம கோயில்ல சாமி வர்றதில்லீங்களா, அதேதான்" என்பார். அதே அன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம்மிடம் சாமி பெரும்பாலும் இன்னாருக்குத்தான் வரும் என்று ஒரு வழக்கம் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் சொல்லப்படும் ஐம்பதாம் நாளின் விசேஷம், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி என்ற வேற்றுமையின்றி எல்லார் மேலும் ஆவி இறங்கும் என்பது. பாவு போடுகிறவனும் தார் சுற்றுகிறவளும் கூலி உயர்வு கேட்கவே மற்றவர்களின் வாயை எதிர்பார்த்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயமா? வாரமெல்லாம் சாடை காட்டியே பிழைத்தவன், ஞாயிறன்று எவரும் தணிக்கை செய்ய முடியாத ஒரு பாஷையில் வாய் திறக்கிறான். அதைக் கூச்சல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வரத்தைப் பரீட்சையாக்கும்போதுதான் ஆபத்து வருகிறது. ஒன்றைச் செய்தால்தான் நீ தேறினாய் என்று சொல்லிவிட்டால், செய்யத் தெரிந்தவன் உள்ளே வருவான்; பொய் சொல்லக் கூசுகிறவன் வெளியே நிற்பான். அளவுகோல் உண்மையை அளப்பதை விட்டுத் துணிச்சலை அளக்கத் தொடங்கிவிடும். இது பெந்தெகொஸ்தேக்கு மட்டும் உள்ள நோயா? கதர் கட்டியவன் தேசபக்தன், திருநீறு பூசியவன் பக்தன், கண்ணீர் விட்டவன் துக்கப்பட்டவன் என்று நாமும் மதிப்பெண் போட்டு வந்தவர்கள்தாமே?

இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் ஒருவர் இருந்தார். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர். 1906-ன் தொடக்கத்தில் ஹூஸ்டனில் பார்ஹாமின் வகுப்புக்குப் போனார். கறுப்பர் என்பதால் உள்ளே உட்கார இடமில்லை. கதவுக்கு வெளியே இருந்து பாடம் கேட்டார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், குதிரைலாயமாகவும் இருந்த ஒரு பழைய கட்டடத்தில், அவர் நடத்திய அசூசா தெருக் கூட்டங்களிலிருந்து இந்த இயக்கம் உலகெங்கும் பரவியது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து முழங்காலிட்டார்கள். பார்க்க வந்த பார்ஹாமுக்கு அந்தக் கலப்பே அருவருப்பாக இருந்தது, பழித்தார். அந்நியபாஷையைத் தமக்குப் போதித்தவரே தம் மக்களைப் பழித்ததைக் கண்ட பிறகு, சீமோர் வெகுவாக யோசித்திருக்க வேண்டும். பாஷை ஒன்றே ஆவியைப் பெற்றதற்கு அத்தாட்சியாகாது, அன்பு முதலிய கனிகளைப் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தார். கதவுக்கு வெளியே நின்று பாடம் கேட்டவருக்கு அது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. தறி நெய்கிறவர்களுக்கும் இது புதிதன்று. பீஸில் குத்திய முத்திரையைப் பார்த்தா துணியை எடுக்கிறோம்? விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இழை ஓடியிருக்கிறதா என்றல்லவா பார்க்கிறோம்?

இனி என் பதிலுக்கு வருகிறேன். அந்த இளைஞன் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, "எனக்கு வரலீங்க, வந்த மாதிரிச் சொல்லிப் போட்டேன்" என்று சபை நடுவே சொல்லிவிட்டான். யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. சிலர் அவன் பக்கத்தில் உட்காருவதைக்கூடச் சில வாரம் தவிர்த்தார்களாம். சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. அழுத அந்த அம்மாள் மட்டும் வழக்கம்போல் தன் குடையில் அவனையும் அழைத்துப் போனாளாம்.

"இத்தனைக்கும் பிறகு அங்கேயே ஏன் போகிறாய்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தான். "அங்கதானுங்கண்ணா, நான் சொன்ன பொய் எனக்கே பொறுக்காமப் போச்சு" என்றான்.

நான் வாயடைத்துப் போனேன். அவர்கள் வேதத்தில் அந்த ஆவிக்குச் சத்திய ஆவி என்றே ஒரு பெயர் உண்டு. அவனுக்கு அபிஷேகம் வந்ததா, வரவில்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் சொன்னது தவறு. அவன் மௌனமாக இருந்திருந்தால் அந்த மூன்று இரவுகளும் அவனுக்கு நஷ்டமாகியிருக்கும். பாஷையைக் கைவிட்ட அன்றுதான் அவன் தன் சொந்த வாயால் பேசினான். எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தத் துணிவு எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை பெருமைப்படும்படியாக இல்லை.