வழியில் இருக்கும் ஊர்

2005 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு கூடியது. அந்த ஒரே கூட்டத்தில் இரண்டு ஆற்றங்கரை ஊர்களின் பெயர் அடிபட்டது. ஒன்று, ரஷ்யாவில் வோல்காவும் கோட்டரோசலும் கலக்கும் இடத்திலுள்ள யாரோஸ்லாவ்ல். அதன் தேவாலயங்கள், மடாலயம், பேரரசி கேத்தரின் காலத்தில் திருத்தி வகுத்த வீதிகள் எல்லாம் சேர்ந்த பழைய நகரமே பட்டியலில் ஏறியது. மற்றொன்று, பவானிக் கரையிலுள்ள மேட்டுப்பாளையம். இங்கே பட்டியலில் ஏறியது ஊர் அல்ல, ஊரை விட்டுப் புறப்படும் ரயில்.

இதில் மனத்தாங்கலுக்கு ஒன்றுமில்லை. நீலகிரி மலை ரயில் அந்தப் பெருமைக்குத் தகுதியானதுதான். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் போட்ட பாதை அது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறு தாண்டியதும் சரிவு ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறுவதால், தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள்; இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலேறுகிறது. ஏறும்போது இன்ஜின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டிக்காரருக்கு மலை முழுதும் மறைப்பில்லாமல் தெரியும். தள்ளுகிறவரை அவர் பார்க்க வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்தின் பிழைப்பும் ஏறக்குறைய அப்படித்தான் அமைந்தது. 1873இல் போத்தனூரிலிருந்து ரயில் இங்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, இது இறங்கி வண்டி மாறும் இடம். வெயில் தாங்காத துரைமார் இங்கே இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் மலையேறினார்கள். இன்று சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் கூட்டத்தை இறக்கிவிடுகிறது. ஏழு மணிக்கு மேல் மலை ரயில் அதில் கொஞ்சம் பேரை ஏற்றிக்கொள்கிறது. மற்றவர்கள் பேருந்துக்கும் காருக்கும் போகிறார்கள். மலையில் விளைந்த உருளைக்கிழங்கு இங்குள்ள மண்டிகளில் ஏலம் போய்ச் சமவெளிக்குப் போகிறது. மேலே போவதிலும் கீழே வருவதிலும் பெரும்பகுதி இந்த ஊரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எதுவும் இங்கே தங்குவதில்லை.

2024 மே மாதம் முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஏப்ரலில் கோடைக்காலத்துக்கு வரம்பும் வந்தது: வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஒருவழியாக யாரோ கணக்குப் பார்த்தார்கள். நல்ல காரியம். மேலே போகிற வண்டிகளில் பெரும்பகுதி ஊர்ந்து கடக்கும் அடிவார ஊர் எவ்வளவு தாங்கும் என்பது கேள்வியாகவே எழவில்லை. தாங்கிப் பழகிய ஊரை யாரும் கேட்பதில்லை.

இங்கே பார்க்க எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. தேக்கம்பட்டியில் ஆற்றோரமாக வனபத்ரகாளியம்மன் கோயில். ஆடிக் குண்டத்துக்குக் கொங்கு நாடே திரளும். கல்லாற்றில் 1900இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை. மங்குஸ்தானும் துரியனும் அங்கே காய்க்கும். ஊட்டி ரோட்டில் காசு கொடுத்து நீரில் ஆடும் பூங்கா ஒன்று. பணம் கேட்காத ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் அது வேறு விதமாக வசூலித்துவிடுகிறது. மேலே பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்தால், மழையே இல்லாத நாளிலும் இங்கே ஆறு மளமளவென்று ஏறும். உள்ளூர்ப் பையன்களுக்கு அது தெரியும். கரையழகைப் பார்த்து இறங்கும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. குளிக்கப் போய் மாண்டவர்கள் பற்றிய செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதே ஆற்றை நம்பித்தான் கோவையும் திருப்பூரும் குடிநீர் எடுக்கின்றன. இதே ஆற்றங்கரையில்தான், சற்றுக் கீழே சிறுமுகையில், 1960களில் விஸ்கோஸ் ஆலை எழுந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. கழிவையும் ஆற்றில் விட்டது. பவானிசாகர் அணை வரை நீர் கெட்டது, மீன்கள் செத்தன, கீழ்ப் பாசன விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், வழக்கு நடந்தது, கடைசியில் ஆலை மூடப்பட்டது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இந்தக் கதைக்கு இடமில்லை. ஆனால் பவானியின் சரித்திரம் என்று ஒன்று எழுதினால், கோயிலுக்கு அடுத்து இதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

இனி ஒரு சுவர். 2019 டிசம்பர் 2, விடியும் முன், கனமழையில், இங்குள்ள நடூர் ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டி நின்ற தனியார் மதில் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 20 அடி உயரம். உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாக அங்குள்ள மக்கள் சொன்னார்கள். அது தீண்டாமைச் சுவர் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு தலைவர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. சில நாள்களுக்கு நடூர் எல்லோரும் பார்க்கும் இடமாக இருந்தது.

மலை ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் நடூரையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் துக்கத்தை வேடிக்கை பார்ப்பது அந்தச் சாவுக்கு இன்னொரு அவமரியாதை. வெளியூர்க்காரர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர். அவர் அழகானதைத் தேடுவதில் தப்பில்லை. என் கவலை ஊராரைப் பற்றியது. வருகிறவரின் கண்ணாலேயே தன்னைப் பார்த்துப் பார்த்து, எது அவருக்குப் பார்க்கத் தகுந்ததோ அது மட்டுமே பராமரிக்கவும் தகுந்தது என்று ஓர் ஊர் நம்பத் தொடங்கிவிடுகிறது. நூறாண்டு கடந்த தண்டவாளத்தில் பல் ஒன்று தேய்ந்தால் கண்டுபிடித்து மாற்ற ஆள் இருக்கிறது. கண்ணெதிரே நின்ற 20 அடிச் சுவருக்கு அப்படி ஒருவர் இல்லை. அந்தச் சுவர் யார் கண்ணிலும் படாமல் நிற்கவில்லை. அதன் நிழலில் இருந்தவர்கள் தினமும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

மரபு என்ற பெயரில் நாம் காப்பாற்றுவதெல்லாம், யாரோ ஒருவர் விடாமல் சோதித்து, குறித்து, கையெழுத்துப் போடுவதால்தான் நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தாலும் போதும். சுற்றுலாத் தலங்களின் பட்டியல் அரசிடம் பத்திரமாக இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பு எந்தச் சுவர் எந்த வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது என்ற பட்டியல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று ஆண்டுதோறும் போய்க் கேட்பது மேட்டுப்பாளையத்துக்காரர்களின் வேலை. அதற்கு இ-பாஸ் தேவையில்லை.