அப்பா எழுதாத வரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். தன் அக்காளான என் மனைவியிடம் வாழைப்பழச் சீப்பைக் கொடுத்துவிட்டு, காபி வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், உங்க கையெழுத்து ஒண்ணு வேணுமுங்க."

அவன் ஓட்டும் லாரியை ஓனர் விற்கப் போகிறாராம். ஐந்து வருஷம் ஓடிய 12 வீல் வண்டி. "வெளியாளுக்குக் கொடுக்கறதுக்கு நீயே எடுத்துக்கோ, வண்டியப் பத்தி உனக்குத் தெரியாததா" என்றிருக்கிறார். விலை 22 லட்சம். சீட்டுப் பணம், மனைவியின் நகை எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் புரட்டிவிடுவான். மீதி 17 லட்சத்துக்குப் பைனான்ஸ். அதற்கு ஜாமீன் நான்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். லோடு பேசுவது, அட்வான்ஸ் கொடுப்பது, பாக்கி வாடகையை வசூலிப்பது எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். டிரைவராக வந்து ஓனரானவர்களையும், ஓனராக இருந்து மறுபடி டிரைவரானவர்களையும் இந்த மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையில் என் அப்பாவும் ஒருவர்.

மச்சினனுக்கு 38 வயது. கிளீனராகப் போய் டிரைவரானவன். குடி கிடையாது. டீசல் கணக்கில் இதுவரை பத்து லிட்டர் இடித்ததாகப் பேச்சு வந்ததில்லை. இப்படிப்பட்ட ஆள் சொந்த வண்டி எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பது என்றுதான் ஊரில் கேட்பார்கள். எங்கள் பக்கம் இருக்கும் பெரிய ஓனர்களில் பலர் இப்படித்தான் கிளம்பினார்கள். வானம் பார்த்த பூமியில் கடலையும் சோளமும் போட்டுச் சலித்துப்போன குடும்பங்களிலிருந்து ஒருவன் கிளீனராகப் போவான், டிரைவராவான், நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய வண்டி எடுப்பார்கள். இன்று கேஸ் டேங்கர், டிரெய்லர், போர்வெல் ரிக் என்று இந்தியா முழுக்க ஓடும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வண்டிகளுக்குப் பின்னால் அந்த ஏணிதான் இருக்கிறது. மேலே ஏறியவர்களின் கதை கல்யாண வீட்டில் பேசப்படும். சறுக்கியவர்களின் கதையை யாரும் எடுப்பதில்லை.

அப்பா 1991-இல் ஒரு பழைய ஆறு வீல் லாரி வாங்கினார். ஓனர் கம் டிரைவர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில். லைனுக்குப் போய்விட்டு வந்தால் டீக்கடையில் "வாங்க ஓனரே" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் நடையை மாற்றிக்கொண்டார் என்று அம்மா இன்றும் சொல்வாள். 1998-இல் நாக்பூருக்கு இந்தப் பக்கம் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பதினெட்டு நாள் வண்டி நின்றது. அதோடு சேர்த்து மூன்று டியூ பாக்கி. வண்டியை ஊருக்குக் கொண்டுவந்த இரண்டாவது வாரம் பைனான்ஸ்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா மறுபடியும் இன்னொருவரின் வண்டியில் ஏறினார். சாகும்வரை யாரையும் குறை சொல்லவில்லை. "இன்ஜின் வேலை வெச்சிருச்சு" என்பார், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு பரணிலிருந்து ஒரு நீள நோட்டு கிடைத்தது. பேனா மை பரவி, பக்கங்களில் கிரீஸ் ரேகை. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு பக்கம். வாடகை மேலே, செலவு கீழே. டீசல், பஞ்சர், செக்போஸ்ட், தார்ப்பாய்க் கயிறு, கிளீனர் படி, டீ, பன், ஒரு இடத்தில் "கோயில் தேங்காய் 3" என்றுகூட இருந்தது. மூன்று ரூபாய்த் தேங்காயை விடாத மனிதர். மாதக் கடைசியில் டியூ போக "மிச்சம்" என்று போட்டு அடிக்கோடு. பெரும்பாலும் 1,800, 2,100, நல்ல மாதத்தில் 3,000.

கணக்கு எழுதிப் பழகிய கண் என்பதால் நோட்டை இரண்டாம் தரம் புரட்டும்போது ஒன்று இடித்தது. ஏழு வருஷ நோட்டில் ஒரு வரி எங்கேயும் இல்லை. டிரைவர் சம்பளம். அந்தக் காலத்தில் லைன் டிரைவருக்குப் படியும் சம்பளமும் சேர்த்து என்ன வந்ததோ, அதற்குப் பக்கத்தில்தான் அப்பாவின் "மிச்சம்" இருந்தது. சில மாதம் அதற்கும் கீழே. வண்டி சம்பாதித்தது என்று அவர் அடிக்கோடு போட்டதெல்லாம் அவருடைய சொந்தக் கூலி. இன்ஜின் வேலை வைப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த வண்டி அவருடைய கூலியைத் தின்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அதை ஒரு புலம்பலாகத்தான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், கணக்குப் பார்க்காதே என்று மறைமுகமாகச் சொல்லும் பழமொழி என்றே படுகிறது. சொந்தக் காட்டில் இறங்கி வேலை செய்கிறவன் தனக்குக் கூலி எழுதுவதில்லை. ஆள் வைத்தால் எழுதுவான், மாட்டுத் தீவனத்துக்கு எழுதுவான். காட்டை விட்டு லாரிக்கு வந்த எங்கள் ஜனம் கலப்பையை விட்டுவிட்டு அந்தப் பழக்கத்தை மட்டும் கேபினில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது.

மச்சினனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். அவன் ஓடும் மும்பை லைனையே எடுத்தோம். போகவர 2,500 கிலோமீட்டர். போகும்போது 24 டன், டன்னுக்கு 3,000. கலம்போலியில் காத்திருந்து பிடிக்கும் ரிட்டர்ன் லோடு டன்னுக்கு 2,200. ஆக டிரிப்புக்கு ஒன்றேகால் லட்சம் வாடகை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் டீசல் மட்டும் 57,500. டோல் இருபதாயிரம். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாமூல், புரோக்கர் கமிஷன் என்று 11,000. டயர் தேய்மானம் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய், 7,500. மிஞ்சுவது 29,000. மாதம் மூன்று டிரிப் தட்டாமல் கிடைத்தால் 87,000.

"பாத்தீங்களா மச்சான்!" என்று நிமிர்ந்தான்.

வட்டி 14 சதவீதம், நாலு வருஷம் என்றால் 17 லட்சத்துக்கு மாத டியூ 46,500 வரும். இன்சூரன்ஸ் இருக்கிறது. மொத்த எடை 35 டன் வரும் இந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022 அறிவிப்பின்படி வருஷத்துக்கு 43,950 ரூபாய். நேஷனல் பர்மிட் 16,500. காலாண்டு வரி தனி. எல்லாவற்றையும் மாதத்துக்குப் பத்தாயிரம் என்று குறைத்தே போட்டேன். கையில் நிற்பது 30,500.

"இப்ப ஓனர்கிட்ட டிரிப்புக்கு என்ன வாங்கற மாப்ள?"

"படி, சம்பளம் எல்லாம் சேத்தி 13,000-ங்க."

மூன்று டிரிப்புக்கு 39,000. இன்றைக்கு ஐந்து லட்சம் முதல் போடாமல், டயர் வெடித்தால் ஓனருக்கு ஒரு போன் மட்டும் போட்டுவிட்டுத் தூங்கும் டிரைவர் வாங்குவது அது. சொந்த வண்டியில் அவன் கைக்கு வரப்போவது 8,500 குறைவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்குப் புத்தகம் வைக்காத சின்ன ஓனருக்கு வருமான வரிச் சட்டம் ஒரு உத்தேச வருமானம் வைத்திருக்கிறது. பெரிய லாரி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 35 டன் வண்டிக்கு 35,000. வண்டி ஓடினதா நின்றதா என்ற கேள்வியே கிடையாது, கையில் இருக்கும் மாதமெல்லாம் கணக்கு. அரசாங்கத்தின் உத்தேசத்தைக்கூட மச்சினனின் நல்ல மாதம் தொடவில்லை.

அந்த 35 டன்னுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பைக் கூட்டியபோதுதான் 31 டன் 35 ஆனது. ஒரே நடையில் நாலு டன் கூட ஏற்றலாம் என்று ஓனர்கள் சந்தோஷப்பட்டார்கள். சரக்கு கூடவில்லையே. பத்து வண்டியில் போன சரக்கை ஒன்பதில் ஏற்றினார்கள், லோடுக்கு வண்டிகள் முட்டிக்கொண்டன. எங்கள் ஆபீஸில் டன் வாடகை இறங்கியதை நான்தான் எழுதினேன்.

ஆனால் மச்சினன் கணக்கை 8,500 குறைவு என்பதோடு மூடிவிட்டால் நான் அவனை ஏமாற்றினவன் ஆவேன். மாதம் 8,500 வீதம் நாலு வருஷம் குறைத்து வாங்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். முதலில் போட்ட ஐந்தையும் சேர்த்தால் ஒன்பது லட்சம். அதற்கு ஒன்பது வருஷ வண்டி ஒன்று டியூ முடிந்து அவன் பேரில் நிற்கும். விற்றால் பத்து, பதினொன்று போகலாம். அதாவது இது ஒருவகைச் சீட்டு. மாதாமாதம் கட்டாயமாக இழுத்துக்கொள்ளும் சீட்டு. டிரைவராகவே இருந்தால் அந்த 8,500-ஐ அவன் சேர்த்து வைப்பானா? மாட்டான், நானும் மாட்டேன். இடுப்பு வலி வந்து 50 வயதில் இறங்கும் லைன் டிரைவருக்குப் பென்ஷனா இருக்கிறது? நின்றால் விற்கலாம் என்று ஒரு இரும்பாவது மிஞ்சட்டுமே என்று அவன் நினைப்பதில் தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், இந்தச் சீட்டில் ஒரு மாதம் தவறினால் ஏலம் அவனுடைய வண்டிக்கு நடக்கும். எட்டு வருஷம் தாண்டினால் எப்.சி. என்கிற தகுதிச் சான்றை வருஷா வருஷம் எடுக்க வேண்டும். டியூ முடியும் நேரத்தில் அந்தச் செலவு தொடங்கும்.

காத்திருப்பதும் சொந்த வண்டியில் வேறு மாதிரி. மும்பைப் பக்கம் பிவண்டியில் குடோன் வாசலில் மூன்று நாள் இறக்காமல் போட்டுவிடுவார்கள். டிரைவர்தானே, வண்டிக்கு அடியில் பாயை விரித்துச் சோறாக்கிச் சாப்பிட்டுத் தூங்குவேன், ஹால்டிங் பணத்துக்கு ஓனர்தான் சண்டை போடுவார் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அதே வாசல், அதே பாய், அதே மூன்று நாள். சொந்த வண்டியென்றால் தூக்கம் வராது, ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் டியூ ஏறிக்கொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு டோலைத் தாண்டும்போதும் பாஸ்டேக் மெசேஜ் ஊரில் இருக்கும் ஓனரின் போனில் விழுகிறது. இனி அவன் சட்டைப்பையிலேயே விழும், அவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே. அவசரப்பட்டு ராத்திரியும் ஓட்டத் தோன்றும். எனக்கு உண்மையில் பயம் அதுதான். கடனைக் கட்டிவிடலாம்.

இதையெல்லாம் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எத்தன நாளைக்குங்க மச்சான், இன்னொருத்தர் வண்டி?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "வாங்க ஓனரே" என்று கூப்பிட்டால் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கணக்கில் பத்தி போட முடியாது. அதற்காகத் தன் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க ஒருவன் தயார் என்றால், அது அவன் இஷ்டம். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாவது வருஷமே வண்டியை விற்று, கையில் கொஞ்சம் காசோடு இறங்கியிருப்பார்.

உள்ளேயிருந்து மனைவி, "தம்பிக்குக் கையெழுத்துப் போடறதுக்கு இத்தன கணக்கா?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் முதல் செலவாக டிரைவர் சம்பளம் 39,000 என்று அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். அதை எடுத்த பிறகு டியூவும் கட்ட முடியவேண்டும் என்றால் வண்டி என்ன விலைக்கு வரவேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 18 லட்சத்துக்கு வந்தால் 13 லட்சம் கடன், டியூ 35,500, கையில் 41,500. அவன் கூலியும் நின்று, மேலே இரண்டாயிரத்து ஐந்நூறு வண்டியின் சம்பாத்தியமாக மிஞ்சும். சின்னத் தொகைதான். ஆனால் அது வண்டி சம்பாதித்தது.

ஆடியில் பேச்சு வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டதால் ஆவணி பிறக்கட்டும் என்றிருக்கிறோம். ஓனர் இதுவரை 20 லட்சம் வரை இறங்கியிருக்கிறார். 18-க்கு வந்தால் கையெழுத்துப் போடுவேன். வண்டி நிற்கும் மாதத்துக்கு என்று என் பணத்தில் ஒரு லட்சத்தைத் தனியாக பேங்கில் போட்டும் வைப்பேன். 20 என்றால் போடமாட்டேன்.