மண் குவளையில் தேநீர்

1947-இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பினத்தவருக்கு அடைத்து வைத்திருந்த கதவை ஜாக்கி ராபின்சன் திறந்த கதை உலகம் அறிந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டுக் கிரிக்கெட்டில் ஒருவர் அதே போராட்டத்தைத் தொடங்கிவிட்டார். பல்வங்கர் பாலு!

தார்வாரில் 1876-இல் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்குத் தரையைச் சீராக்கி, வலை கட்டி, துரைமார்களுக்கு மணிக்கணக்கில் இடக்கைச் சுழற்பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

வெள்ளையரை வெல்ல பாலு வேண்டும். பூனாவின் இந்து அணிக்கு அது புரிந்தது. வாக்குவாதங்களுக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் மட்டும் அவருக்குத் தேநீர் வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில். எவ்வளவு வசதியான தீட்டு! கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தோ கேட்டோ வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்திய அணியின் 1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு எடுத்தவை 114 விக்கெட்டுகள்.

அப்படிப்பட்டவருக்கும், இன, மத வாரியான அணிகள் மோதிய பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் தலைமை மறுக்கப்பட்டது. பொறுக்க முடியாமல் 1920-இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி, காரணத்தை ஊரறியச் சொன்னார்கள். அதன்பின் பாலுவுக்குத் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. 1923-இல் விட்டல் தலைவரானார்; அந்த ஆண்டு இந்து அணி கோப்பையை வென்றது.