அஞ்சாத மான்கள்

பங்குனி மாதத்து விடியற்காலை. ஜோத்பூர் நகருக்கு அருகே, குடா பிஷ்னோய் கிராமத்தின் வயல்வெளியில் நடப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது வெளிமான் கூட்டம். முறுக்கிய கொம்பும் கருமுதுகும் கொண்ட ஆண்மான் தனக்கென ஓரிடம் வகுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. சற்றுத் தொலைவில் சிங்காரா மான்கள். குளிர்காலத்தை அங்குள்ள ஏரிக்கரையில் கழித்த கொக்கினப் பறவைகள் வடதிசை நோக்கிப் புறப்படும் காலமும் இதுவே. வறண்ட அம்மண்ணில் கேஜ்ரி மரம் தளிர்த்துப் பூக்கிறது. நம் சிவாலயங்கள் பலவற்றில் தலமரமாக விளங்கும் வன்னிதான் அது.

இவ்வளவும் கண்ணுக்கு விருந்து. சிந்தைக்கு உரியது வேறொன்று: மனிதன் அருகே வந்தும் மான்கள் சிதறி ஓடுவதில்லை. ஏன்?

1485-இல் குரு ஜாம்பேஸ்வரர் தம் அடியார்களுக்கு 29 நெறிகளை வகுத்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்ததே ‘பிஷ்னோய்’ என்னும் பெயர் என்பர். உயிர்களிடம் கருணை காட்டுக, பச்சை மரத்தை வெட்டாதே என்பவை அவற்றுள் அடங்கும். 1730-இல் மன்னரின் ஆட்கள் கேஜர்லி கிராமத்தில் மரம் வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி மரத்தைத் தழுவி நின்று உயிர்நீத்தார். அவரைத் தொடர்ந்து மாண்டோரையும் சேர்த்து 363 பேர். நெறி ஏட்டில் நின்றுவிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கீதையின் 16-ஆம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை அடுக்கும்போது அபயத்தையே முதலில் வைக்கிறது. அபயம் என்றால் நாம் அஞ்சாதிருத்தல் என்றே பெரும்பாலும் கொள்கிறோம். துறவு ஏற்பவரோ, எல்லா உயிர்களுக்கும் தம்மால் அச்சம் நேராதிருக்கட்டும் என்று உறுதி பூணுகிறார். நம்மைக் கண்டு வீட்டுப் பணியாளரோ பிள்ளைகளோ நடுங்குவார்களாயின், நம் ஜபமும் தியானமும் எவ்வளவு தூரம் சென்றுள்ளன என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம்.

அபயம் அளிப்பது எளிதன்று. மான் மேய்ந்தால் விளைச்சல் குறையும். பாலைநில உழவனுக்கு அது சிறிய இழப்பா? இன்று தெருநாய்களும் முள்வேலிகளும் மான்களுக்குப் புதிய பகையாகிவிட்டன. காயமுற்ற குட்டிகளை பிஷ்னோய் மக்கள் வீட்டுக்கு எடுத்துவந்து பேணுகின்றனர். தாயிழந்த மான்குட்டிக்குத் தம் பாலையே ஊட்டிய பெண்களும் அங்கு உண்டு.

வெயில் ஏறுகிறது. ஒரு பெண்மான் தலை தூக்கி, வந்தவரைப் பார்க்கிறது. பிறகு மீண்டும் மேய்கிறது.