அறிதலும் காத்தலும்

நோய் வந்தபின் வருந்துவதினும் வருமுன் காப்பதே அறிவுடைமை. வளரும் பிள்ளைகளை அவ்வாறு காத்தற்குக் கணிப்பொறி மட்டும் போதுமா என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா.

10 முதல் 19 வயது வரையுள்ளோர் நலத்திற்கென இந்திய அரசு 2014-ஆம் ஆண்டு தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பிறரிடம் கேட்க நாணும் ஐயங்களை அவர்கள் தனிமையில் தெளிந்துகொள்ளும் பொருட்டு, 2017-இல் ‘சாத்தியா சலா’ என்னும் கைப்பேசிச் செயலியும் வந்தது. நன்றே.

ஆயினும் கணக்கைக் காண்க. தேசியக் குடும்ப நல ஆய்வினர் 2015-16-இலும் 2019-21-இலும் கையில் கணிப்பொறியுடன் வீடுதோறும் சென்றனர். 15 முதல் 19 வயதுப் பெண்களுள் இரத்தச் சோகையுற்றோர் முன்னர் நூற்றுக்கு 54 பேர். பின்னர் 59 பேர். கணக்குக் கிடைத்தது, நோய் குறையவில்லை.

விசைத்தறிகள் ஓடும் நகரியில் இவ்வுண்மை புதிதன்று. ஊடை இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். மீண்டும் ஓட்டுதற்கோ நெய்பவர் கை வேண்டும். அவ்வாறே, குறையைப் பொறி காட்டும். தீர்ப்பது மனிதர் கடனாம். வாரந்தோறும் பள்ளியில் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். குமட்டினால் சிறுமி மறுவாரம் அதனை எறிந்துவிடுவாள். “உண்டாயா, அம்மா?” என்று கேட்டுத் தருதல் ஆசிரியர் கடமை. கீரையும் பயறும் மகனுக்குப் போல் மகளுக்கும் குறையாது இடுதல் பெற்றோர் கடமை.

அறியாதிருந்த நாளில் நம் வாளாமைக்கு அறியாமை ஒரு சாக்காயிற்று. இன்று கணிப்பொறி அச்சாக்கையும் நம்மிடமிருந்து நீக்கிவிட்டது.