வஸிய்யத்தில் விடுபட்ட ஒரு வரி



அல்லாஹ்வின் பேரருளால் நாம் வணிகம் செய்து பிழைக்கும் சமுதாயத்தினர். ஆண்டு முடிந்தால் சரக்கை எண்ணுகிறோம்; வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் பேரேட்டில் பதிகிறோம்; ஜக்காத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம். மௌத்து எந்நேரம் வரும் என்பதை எவரும் அறியோம். ஆகவே கடன் விவரத்தைப் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறோம். சொல்லிப் போகவேண்டிய பொருள் உடையவர் வஸிய்யத்து எழுதாமல் இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியன்றோ! ஆனால் அந்த வஸிய்யத்தில் நம்மில் பெரும்பாலோர் சேர்க்காத ஒரு வரி உண்டு. அது நம் சிறுநீரகங்களைப் பற்றிய வரி.

சிறுநீரகங்கள் இரண்டும் இரவு பகலாக நம் இரத்தத்தை வடிகட்டிக் கழிவை வெளியேற்றுகின்றன. அவை கெட்டுவிட்டால் முற்காலத்தில் மரணம் ஒன்றே முடிவு. 1943-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப் என்பார், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை நோயாளிக்கு வைத்துப் பார்த்தார். இன்று டயாலிசிஸ் என்று நாம் சொல்வது அதன் வழி வந்ததே. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் வெற்றி கண்டனர். சிங்கப்பூரில் 1970-லும் மலேசியாவில் 1975-லும் இந்தச் சிகிச்சை தொடங்கிற்று.

இப்பொழுது நிலைமை யாது? டயாலிசிஸ் செய்துகொள்வோர் மலேசியாவில் 50,000 பேருக்கு மேல். சிங்கப்பூரில் 9,000 பேருக்கு மேல். ஆண்டுதோறும் இத்தொகை ஏறிக்கொண்டே போகிறது. புதிதாகச் சேருவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே காரணம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கவேண்டும். கடை வைத்திருப்பவருக்கு இதன் பொருள் விளங்கும். கல்லாவில் உட்கார ஆள் வேண்டும். சரக்கு எடுக்க வெளியூர் போக முடியாது. குடும்பம் முழுவதும் அந்த மூன்று நாட்களைச் சுற்றியே வாழவேண்டும்.

ஆயுளைப் பார்ப்போம். மலேசியாவின் நோயாளர் பதிவேட்டுக் கணக்கின்படி, டயாலிசிஸ் தொடங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருப்போர் ஏறக்குறையப் பாதிப் பேர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். இளவயதினரும் உடல் தேறியவர்களுமே பெரும்பாலும் மாற்றுச் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் படிக்கவேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும், தகுதியுள்ளவருக்கு மாற்றுச் சிறுநீரகமே மேலானது என்பது மருத்துவர்களின் முடிவு. ஆயுள் அல்லாஹ்வின் கையில். மருந்து தேடுவது நம் கடமை.

மார்க்கம் இடந்தருகிறதா என்று கேட்போர் நம்மில் உண்டு. சிங்கப்பூரில் 1973-இல் வந்த பத்வா இதைத் தடுத்தது. பின்னர் உலமாக்கள் மருத்துவர்களைக் கேட்டறிந்து மறுபடியும் ஆராய்ந்து, 1986-இல் சிறுநீரக தானத்தை அனுமதித்தார்கள். 1987-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபோது முஸ்லிம்கள் அதில் சேர்க்கப்படவில்லை. விரும்பியவர் தாமாகவே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தவர் சிலர். எழுதிக் கொடாதவர் தாமே நோயாளியானபோது, காத்திருப்போர் வரிசையில் அவருக்குப் பின்னிடமே கிடைத்தது. 2007-இல் மீண்டும் பத்வா வந்தது. 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தோம். விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். மலேசியாவிலோ தாமாக முன்வந்து பதிவு செய்யவேண்டும்; குடும்பத்தாரின் சம்மதமும் கேட்கப்படும். ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையை அல்மாயிதா அத்தியாயம் எவ்வளவு உயர்த்திச் சொல்கிறது என்பதை மதரஸாவில் ஓதிய சிறுவனும் அறிவான்.

வியாபாரிகளாகிய நாம் ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். சிறுநீரகம் விற்பனைச் சரக்கல்ல. ஒரு காலத்தில் காசுள்ளவர்கள் சென்னைக்குப் போய் ஏழைகளிடம் வாங்கி வந்தார்கள். வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. இந்தியாவில் 1994-இல் சட்டம் அதைத் தடை செய்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த வியாபாரம் ஆகாது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். விசாரித்த காலத்தில் முக்கால்வாசிப் பேர் கடனிலேயே இருந்தார்கள். அவர்களுடைய குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது; பெரும்பாலோரின் உடல்நலமும் கெட்டிருந்தது. ஏழையை மேலும் ஏழையாக்கும் வியாபாரத்தில் பரக்கத்து ஏது? பணமுள்ளவர் விலை கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணம் நம் நெஞ்சை விட்டு அகலவேண்டும். கொடுப்பதாயின் அன்பினால் கொடுக்கவேண்டும்.

ஆகவே சகோதரர்களே, நாம் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, இந்த வாரமே மனைவி மக்களை உட்காரவைத்து, நம் எண்ணம் இன்னது என்று வாய்விட்டுச் சொல்வோம். விபத்தாலோ மூளையில் இரத்தம் கசிந்தோ மூளை முழுதும் செயலற்றுப்போன வேளையில், ஆஸ்பத்திரி நடையில் நின்று அழும் பிள்ளைகளிடம் அந்தச் சுமையைப் போடுவது நியாயமா? உறுப்பெடுத்த உடலை மருத்துவர்கள் மரியாதையோடு தைத்துத் தருகிறார்கள். குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் ஜனாஸாத் தொழுகையும் முறைப்படியே நடைபெறும்.

இரண்டாவது, நம் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், உடன்பிறந்தாரும் வாழ்க்கைத் துணையும் பரிசோதனைக்கு முன்வருவோம். உடல்நலமுள்ளவர் ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியும். ஆனால் தம்பியையோ மருமகளையோ நெருக்கிச் சம்மதிக்க வைப்பது கூடாது. கொடுப்பவர் மனமார இசைகிறாரா என்று சிங்கப்பூரில் ஒரு குழு விசாரித்த பின்னரே அனுமதிக்கிறார்கள். அந்த விசாரணை முதலில் நம் வீட்டிலேயே நடக்கட்டும்.

மூன்றாவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் ஆண்டுக்கொருமுறையாவது இரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்ப்போம். சிறுநீரகம் கெடத் தொடங்கும் காலத்தில் வலி இராது, சோதனையில்தான் தெரியும். கடையில் இருப்புச் சோதிக்க ஒரு நாள் ஒதுக்குகிறோம். இறைவன் தந்த அமானிதத்தைச் சோதிக்க அரை நாள் ஒதுக்கலாகாதா?

வாங்கும் வரிசையில் நிற்க நேர்ந்தவர்களுக்கு அல்லாஹ் ஷிபாவை அருள்வானாக! கொடுக்கும் வரிசையில் நிற்கும் மனத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.