அடுத்த செவ்வாய்க்கிழமை

வெளிவராத கருவிகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் கட்டினால், அதன் நடுக்கூடத்தில் பவர்புக் ஜி5ஐ வைக்கவேண்டும். ஆப்பிள் நிறுவனம் அப்படி ஒரு மடிக்கணினியை அறிவிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஆனாலும் 2003 முதல் 2005 வரை இரண்டு வருடங்கள் ஆப்பிள் ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள்.

2003 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் பவர் மேக் ஜி5 என்ற மேசைக்கணினியை அறிமுகம் செய்தார். உள்ளே ஐபிஎம் செய்த 64 பிட் சில்லு. பன்னிரண்டே மாதத்தில் இதன் வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தொடும் என்று மேடையிலேயே வாக்குக் கொடுத்தார். மேசைக்கு ஜி5 வந்துவிட்டது என்றால் அடுத்தது மடிக்குத்தானே? அப்போது விற்பனையில் இருந்த பவர்புக்கில் முந்தைய தலைமுறை ஜி4 சில்லுதான் இருந்தது. காத்திருப்பு ஆரம்பமானது. ஆப்பிள் அந்நாட்களில் புதுப்பொருட்களைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் வெளியிடும். ‘அடுத்த செவ்வாய் பவர்புக் ஜி5’ என்று யாராவது சொல்வார்கள். செவ்வாய் வரும், போகும், ஒன்றும் வராது. உடனே அடுத்த செவ்வாய். கொஞ்ச நாளில் அந்த வாக்கியமே ரசிகர்களுக்குள் ஒரு நகைச்சுவையாகிவிட்டது. நம்மூர்ப் பெட்டிக்கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அந்த ‘நாளை’ மாதிரியான ஒரு செவ்வாய்.

நம்பிக்கைக்குக் காரணமே இல்லாமல் இல்லை. 2004 ஆகஸ்ட் கடைசியில் ஐமேக் ஜி5 வந்தது. திரைக்குப் பின்னால் முழுக் கணினியும் இரண்டு அங்குலத் தடிமனுக்குள் அடங்கியிருந்தது. இரண்டு அங்குலத்துக்குள் நுழைந்த சில்லு ஒரு அங்குலத்துக்குள் நுழைய எவ்வளவு நாளாகிவிடும்?

நாளாகவில்லை, நடக்கவே இல்லை. சிக்கல் வெப்பத்தில் இருந்தது. முதல் பவர் மேக் ஜி5இன் பெட்டிக்குள் ஒன்பது விசிறிகள் சுழன்றன. 2004இல் வந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலுக்கு விசிறி மட்டும் போதாமல், கார் ரேடியேட்டர் போல உள்ளே திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டியிருந்தது. இதைப் பேட்டரியில் ஓடுகிற, மடியில் வைக்கிற ஒரு மெல்லிய பெட்டிக்குள் எப்படி அடைப்பது? 2005 ஜூன் 6 அன்று ஜாப்ஸ் மேடையேறினார். 3 கிகாஹெர்ட்ஸ் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை, பலரும் எதிர்பார்க்கும் பவர்புக் ஜி5ஐயும் தர முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆப்பிள் இன்டெல் சில்லுகளுக்கு மாறப்போகிறது என்று அறிவித்தார். 2006 ஜனவரியில் இன்டெல் சில்லோடு வந்த மடிக்கணினிக்கு மேக்புக் ப்ரோ என்று பெயர். கொஞ்ச நாளில் பவர்புக் என்ற பெயரே போய்விட்டது. அன்று நாள் என்ன தெரியுமா? ஜாப்ஸ் ஒப்புக்கொண்ட அந்த ஜூன் 6 ஒரு திங்கட்கிழமை.

*

வராத ஒன்றுக்காக இரண்டு வருடம் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நுகர்வு வெறி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆசையை அடக்கு என்று உபதேசமும் செய்யலாம். இரண்டுமே எனக்குப் போதவில்லை. ஏனென்றால் இந்த ஊகப் பேச்சில் இருக்கிற சந்தோஷம், வாங்குவதில் இருக்கிற சந்தோஷம் இல்லை. என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் அடுத்த மாடலைப் பற்றிச் சூடாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அதை வாங்கப்போவதே இல்லை. அணி அறிவிப்புக்கு முந்தின நாள் டீக்கடையில் ஆளாளுக்குப் பதினோரு பேரைச் சொல்வார்களே, அந்த மாதிரி. தெரிந்ததை எல்லாம் வைத்துத் தெரியாததைக் கணிக்கிற விளையாட்டு அது. அந்த விளையாட்டில் ஒருவன் சில்லு தயாரிப்பு, மின்நுகர்வு, வெப்பக் கடத்தல் என்று கல்லூரியில் தூங்கிவிட்ட பாடங்களையெல்லாம் விருப்பத்தோடு படித்துவிடுகிறான்.

செலவுக் கணக்கும் ஒன்று உண்டு. புது மாடல் வந்தால் பழையதன் விலை இறங்கும். மாதத் தவணையில் வாங்குகிறவருக்கு இரண்டு மாதம் பொறுத்திருப்பது புத்திசாலித்தனம். அதில் ஒரு அறக்கேள்வியும் இல்லை.

அப்படியானால் எங்கேதான் இடிக்கிறது?

காத்திருப்பதைத் தமிழ் எந்தக் காலத்திலும் கேவலமாக நினைத்ததில்லை. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவனுக்காக ஒருத்தி பொறுத்திருக்கிறாள். அவளும் குறி பார்க்கிறாள். மேகம், மழை, பூ எல்லாமே அவளுக்குத் தகவல். குறுந்தொகையில் ஒரு தோழி, கொன்றை பூத்துவிட்டதைப் பார்த்துக் கலங்குகிற தலைவியிடம், இது கார்காலமே இல்லை, பருவம் தப்பிப் பெய்த மழையை நம்பி அந்த மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று வாதாடுகிறாள். குறிகளை வைத்து வரவைக் கணிக்கிற வேலை நமக்கு ஒன்றும் புதிதில்லை.

ஆனால் தலைவிக்குத் தான் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியும். அவன் முகம் தெரியும், குறையும் தெரியும். அவன் வந்து வாசலில் நின்றால் அவள் காத்திருப்பு முடிந்துவிடும். புது மடிக்கணினிக்காகக் காத்திருப்பவருக்கு இது எதுவும் கிடையாது. அவர் காத்திருக்கிற பொருளை யாரும் பார்த்ததில்லை, அதனாலேயே அதில் ஒரு குறையும் இல்லை. பவர்புக் ஜி5 ஒருநாளும் சூடாகவில்லை. அதன் பேட்டரி ஒருநாளும் பாதியில் தீரவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கையில் இருக்கிற ஜி4 பாவம், எல்லாக் குறைகளும் அதற்குத்தான். இனி புது மெஷின் வந்தாலும் அது ஜி4இன் இடத்துக்குத்தான் வரும். மறுநாளே அடுத்த மாடல் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருந்த கணினி ரசிகர்களும் இருந்திருக்கிறார்கள். 2016 அக்டோபரில் வந்த மேக்புக் ப்ரோவில் எச்டிஎம்ஐ துளை இல்லை, கேமரா அட்டை செருகும் இடம் இல்லை, கால் தட்டினால் தானாகக் கழன்றுகொள்கிற காந்த சார்ஜர் இல்லை. அதன் விசைப்பலகையில் தூசி புகுந்தால் எழுத்துகள் விழாமல் போயின, அல்லது இரண்டிரண்டாக விழுந்தன. 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்கவேண்டி வந்தது. அந்த வருடங்களில் அடுத்த மாடலைப் பற்றி ஊகித்தவர்கள் கேட்டது எதிர்காலத்தை இல்லை, 2015 மாடலில் இருந்தவற்றைத்தான். 2019 கடைசியில் விசைப்பலகை மாறியது. 2021 அக்டோபரில் எச்டிஎம்ஐ, அட்டைத் துளை, காந்த சார்ஜர் மூன்றும் திரும்பி வந்தன. அந்தக் காத்திருப்பு ஒரு விமர்சனமாக இருந்தது. தினமும் தட்டித் தட்டிப் பழகிய விரல்களிலிருந்து வந்த விமர்சனம். கையில் இருப்பதைக் கூர்ந்து பார்த்தவர்களால்தான் அதைச் செய்ய முடிந்தது.

*

கையில் இருப்பதை வரப்போவது கொன்றுவிடும் என்பதற்குக் கணினி வணிகத்தில் ஒரு பெயரே இருக்கிறது: ஆஸ்போர்ன் விளைவு. ஆடம் ஆஸ்போர்ன் 1981இல் ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கொண்டுவந்தார். கையில் தூக்கிப்போகக் கூடியதாக வணிகரீதியில் வெற்றிபெற்ற முதல் கணினிகளில் ஒன்று. எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை வெறும் 5 அங்குலம், விலை 1,795 டாலர். நன்றாக விற்றது. 1983இல், அடுத்து வரப்போகும் மேம்பட்ட மாடலைப் பற்றி அவர் முன்கூட்டியே பேசிவிட்டார் என்றும், கடைக்காரர்கள் பழையதற்கான ஆர்டர்களை ரத்து செய்துவிட்டுப் புதியதற்காகக் காத்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்த வருடம் செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. வீழ்ச்சிக்கு அது மட்டுமே காரணமில்லை. 9 அங்குலத் திரையோடு வந்த கேப்ரோவின் போட்டியும் நிர்வாகக் கோளாறுகளும் சேர்ந்துதான் அதைக் கவிழ்த்தன என்று வாதிடுபவர்கள் உண்டு. பெயர் என்னவோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த ஆஸ்போர்ன் வளர்ந்த இடம் திருவண்ணாமலை. அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமணர் பற்றி நூல்கள் எழுதியவர், ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் அவரை பாங்காக்கில் சிறைமுகாமில் அடைத்துவைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் அருணாசல மலையடிவாரத்தில் இருந்தார்கள். போர் முடிந்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். ஆடம் 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

இதில் தத்துவப் பாடம் எதையும் நான் பிழியப்போவதில்லை. ஒன்று மட்டும் தோன்றும். அப்பாவுக்காகக் காத்திருந்த ஒரு பையனின் பெயர், யாருக்கும் முகம் தெரியாத ஒரு பொருளுக்காகக் காத்திருப்பதன் பெயராகிவிட்டது. முதலாவது முல்லை. இரண்டாவதற்கு நம்மிடம் திணை இல்லை.

ஆஸ்போர்ன் விளைவு நிறுவனங்களுக்கு மட்டும் நடப்பது இல்லை. தனிமனிதர்கள் தங்களுக்குத் தாங்களே அதைச் செய்துகொள்கிறோம். வரப்போகும் நல்ல மெஷின், வரப்போகும் நல்ல வேலை, வரப்போகும் ஒழுங்கான ‘நான்’ பற்றி முன்கூட்டியே அறிவித்துவிட்டு, இப்போதைய நமக்கான ஆர்டர்களை எல்லாம் ரத்து செய்துவிடுகிறோம்.

*

எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். செய்யாறு பக்கத்துக்காரன். அவன் ஊரில் ஒரு தெருக்கூத்து வாத்தியார். அரிதாரம் பூசுவதிலிருந்து விடியற்காலை ஆட்டம் முடிவது வரைக்கும், பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவர் தன் குருவைப் பற்றிப் பேசியது வரைக்கும் பல மணிநேரம் படம் பிடித்துவைத்திருக்கிறான். எல்லாம் 4கே. எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஒரு நிமிடம்கூடத் தொகுக்கவில்லை.

“இந்த லேப்டாப்ல போட்டா நகரவே மாட்டேங்குதுடா. எம்2 ப்ரோ வரட்டும்” என்றான் முதலில். அது 2023 ஜனவரியில் வந்தது. அக்டோபரில் எம்3 வந்துவிட்டதால் எம்2 பழசாகிவிட்டது. 2024 அக்டோபரில் எம்4. ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவு சுவையாக இருக்கும். எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், திரை எப்படி என்று எல்லாம் சொல்வான்.

பழைய மெஷினில் 4கே தொகுக்கத் திரைத்துறையில் ஒரு வழக்கமான வழி உண்டு. காட்சிகளுக்கெல்லாம் சின்ன அளவில் நகல் எடுத்துக்கொள்வார்கள், ப்ராக்ஸி என்று பெயர். நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலோடு இணைத்துப் படத்தை வெளியே எடுத்தால் போதும். கடைசிக் கட்டம் இரவு முழுக்க ஓடும், அவ்வளவுதான். இது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அறிவுப் பற்றாக்குறை இல்லை. பிறகு என்ன?

புது மெஷின் வராத வரைக்கும் அந்தப் படம் நல்ல படமாக இருக்கிறது. பவர்புக் ஜி5 மாதிரி அதில் ஒரு குறையும் இல்லை. தொகுக்க உட்கார்ந்தால் தெரிந்துவிடும், எந்த இடத்தில் ஒலி சரியில்லை, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டான், வாத்தியாரின் எந்த அடவு கேமராவுக்கு வெளியே போய்விட்டது என்று. வராத கருவி, செய்யாத வேலையைப் பாதுகாத்துக் கொடுக்கிறது. நாவல் எழுத ஒரு நல்ல விசைப்பலகை தேடுகிறவர்கள், ஓடுவதற்கு முன் ஷூ பற்றி ஆறு மாதம் படிக்கிறவர்கள், எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. யாரும் சோம்பேறி இல்லை. பயம்தான்.

இதில் மென்பொருள்காரர்களுக்கும் பங்குண்டு. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் வேகமாக மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995லேயே எழுதிவிட்டார். நேற்று நன்றாக ஓடிய மெஷினை இன்று திணறவைப்பது எங்கள் கைவேலை. ஆகவே எல்லாம் பயனரின் மனப்பிரச்னை என்று சொல்லி நான் கழன்றுகொள்ள முடியாது. மெஷின் நிஜமாகவே திணறுகிறது. திணறுகிறது என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அந்தத் தூரத்தை அளக்க ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். நான் காத்திருக்கிற மாடல் பவர்புக் ஜி5ஆக இருந்துவிட்டால்? அதாவது வரவே வராது என்று இன்றைக்கே உறுதியாகத் தெரிந்துவிட்டால், கையில் இருப்பதை வைத்து என்ன செய்வேன்? ‘வேறொன்று வாங்குவேன்’ என்பது பதிலானால் உண்மையிலேயே கருவி தேவை, போய் வாங்கிவிடலாம். ‘எப்படியாவது இதிலேயே ஆரம்பிப்பேன்’ என்பது பதிலானால் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஊகிப்பதை நிறுத்தவேண்டியதும் இல்லை, அது பாட்டுக்கு நடக்கட்டும். அதன் விலையை மட்டும் கையில் இருக்கிற வேலை கொடுக்கக்கூடாது. கூத்து வாத்தியார் போல அந்த வேலைக்குள் இன்னொரு மனிதர் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. திருவிழாவில் நண்பனைப் பார்க்கும்போதெல்லாம், “படம் எப்ப தம்பி?” என்று கேட்கிறாராம்.

நண்பன் போன மாதம் ப்ராக்ஸி எடுக்க ஆரம்பித்திருக்கிறான். விசிறி மிக்ஸி மாதிரி அலறுகிறது என்கிறான். அரிதாரம் பூசுகிற காட்சியை வெட்டி நான்கு நிமிடம் அனுப்பியிருந்தான். ஒலி ஓரிடத்தில் நிஜமாகவே சரியில்லை. பேச்சோடு பேச்சாக, அடுத்த மாடலில் திரை மாறப்போகிறதாம் என்றும் சொன்னான். எப்படி மாறும் என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் இருந்தது.